தண்ணீரும் தரும் ஐதரசன்

இன்று உலகில் ஐதரசனின் பெரும்பங்கு இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. உமியிலிருந்தும் எடுக்கலாம்.

உமியையோ மரத்தூளையோ காற்றுப்படாமல் 500 பாகை செல்சியசு அளவில் சட்டெனச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிரவைத்தால் கறுத்த உயிர் எண்ணெய் கிடைக்கும். பெயர்தான் எண்ணெய், உள்ளே அசற்றிக் அமிலம், பீனோல், நிறையத் தண்ணீர்.

தண்ணீரை 374 பாகைக்கும் சுமார் 218 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேலே கொண்டுபோனால் அது திரவமுமில்லை, ஆவியுமில்லை. அவதி கடந்த நீர் என்று சொல்லலாம். (அவதி என்றால் எல்லை, நாம் படுகிற அவதியல்ல.) அது உப்பைக் கரைக்காது, எண்ணெயைக் கரைத்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது அங்குள்ள கணக்கு. ஓர் அசற்றிக் அமில மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளோடு முழுதாகத் தாக்கமுற்றால் நான்கு ஐதரசன் மூலக்கூறுகளும் இரண்டு காபனீரொட்சைட்டும் வரும். அந்த ஐதரசனில் பாதி தண்ணீர் தந்தது!

பீனோல் அவ்வளவு லேசில் உடையாது. கரி படிந்து குழாய் அடைபடுவதும் உண்டு. அதற்குத்தான் நிக்கல், உருத்தேனியம் போன்ற ஊக்கிகளைப் போட்டுப் பார்க்கிறார்கள்.