ஆடுகளத்தின் பெயரில் 400 ஏக்கர்: கச்சிபௌலி நிலம் சொல்லும் பாடம்

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: மாநில அரசின் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதாக இருந்தாலும் சட்டப்பேரவை ஒப்புதல் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 203, 204-வது பிரிவுகள் அதைத்தான் வலியுறுத்துகின்றன. ஆனால், 400 ஏக்கர் அரசு நிலத்தைத் தனியார் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க அமைச்சரவையின் முடிவும் ஓர் அரசாணையும் போதும். சொத்துகளை வாங்கவும் விற்கவும் 298-வது பிரிவு நிர்வாகத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. பணமாகக் கொடுத்தால் மானியம்; நிலமாகக் கொடுத்தால் தொழில் ஊக்குவிப்பு.

இந்த இடைவெளியில் எவ்வளவு பெரிய தொகை கைமாறக்கூடும் என்பதற்கு ஹைதராபாத் கச்சிபௌலி விளையாட்டரங்கை அடுத்துள்ள நிலத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நாட்டில் இல்லை. 2003-ல் தொடங்கிய அந்த விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றைக் கடந்து, 2025-ல் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. அதன் அரசியல் திருப்பம் நிகழ்ந்ததோ, தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தில்.

மக்களவைத் தலைவர் பெயரில் ஓர் அரங்கம்

2002 டிசம்பரில் நடைபெற்ற 32-வது தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கச்சிபௌலியில் தடகள அரங்கம் கட்டப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் மாதம் ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்த மக்களவைத் தலைவர் ஜி.எம்.சி. பாலயோகியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2003 அக்டோபரில் ஆப்ரிக்க - ஆசிய விளையாட்டுப் போட்டியும் ஹைதராபாதில் நடந்தது.

அரங்கங்கள் எழுந்த கையோடு, அவற்றுக்குப் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது. உலகத் தரத்தில் விளையாட்டுப் பயிற்சி மையங்கள் அமைப்பதாகக் கூறிய ஐஎம்ஜி அகாதெமீஸ் பாரதா என்ற தனியார் நிறுவனத்துடன், 2003 ஆகஸ்ட் 9-ம் தேதி அன்றைய ஆந்திர அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. சந்திரபாபு நாயுடு அப்போது முதல்வர். அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டது அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான். கச்சிபௌலியில் 400 ஏக்கர், விமான நிலையம் அமையவிருந்த ஷம்ஷாபாத் பக்கம் மாமிடிப்பள்ளியில் 450 ஏக்கர் என மொத்தம் 850 ஏக்கர் அதற்கு ஒதுக்கப்பட்டது.

கச்சிபௌலி நிலத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட விலை ஏக்கருக்கு 50 ஆயிரம் ரூபாய். அதாவது 400 ஏக்கருக்கும் சேர்த்து 2 கோடி ரூபாய். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த பகுதி அது. சந்தை விலைக்கும் இந்த விலைக்கும் இடையிலான வேறுபாடு எந்த நிதிநிலை அறிக்கையிலும் செலவாக இடம்பெறவில்லை. ஆயினும், பொதுமக்கள் அளித்த நிதியுதவி என்பது அந்த வேறுபாடுதான்.

அலிபிரியும் காபந்து அரசும்

இந்த இடத்தில்தான் சித்தூர் வருகிறது. சந்திரபாபு நாயுடு பிறந்தது சந்திரகிரியை அடுத்த நாராவாரிபள்ளி. 1989 முதல் அவரைப் பேரவைக்கு அனுப்பி வரும் குப்பம் தொகுதி, தமிழக எல்லையைத் தொட்டு நிற்பது; தமிழ் பேசும் வாக்காளர்கள் கணிசமாக உள்ளது.

2003 அக்டோபர் 1-ம் தேதி, பிரம்மோற்சவத்துக்காகத் திருமலை சென்றுகொண்டிருந்த முதல்வரின் கார் மீது திருப்பதி அலிபிரியில் நக்ஸலைட்டுகள் கண்ணிவெடித் தாக்குதல் நடத்தினர். அவர் காயங்களுடன் உயிர் தப்பினார். அடுத்த மாதமே பேரவையைக் கலைக்கப் பரிந்துரைத்து, முன்கூட்டியே தேர்தலைச் சந்திக்க முடிவெடுத்தார். தேர்தல் 2004 ஏப்ரலில்தான் நடந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஆந்திரத்தில் இருந்தது காபந்து அரசு. கேள்வி கேட்கப் பேரவை இல்லை.

அந்த இடைக்காலத்தில், 2004 பிப்ரவரியில், கச்சிபௌலியின் 400 ஏக்கருக்கான கிரையப் பத்திரம் நிறைவேற்றப்பட்டது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் வசமிருந்த 534 ஏக்கரை அரசு பெற்றுக்கொண்டு, அதற்கு மாற்றாகக் கோபன்பள்ளியில் 397 ஏக்கரைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததும் அதே மாதத்தில்தான். 1973-ம் ஆண்டின் 32-வது திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 371-இ பிரிவின்கீழ், நாடாளுமன்றமே சட்டம் இயற்றி 1974-ல் நிறுவிய பல்கலைக்கழகம் இது என்பது குறிப்பிடத்தக்கது.

காபந்து அரசு அன்றாட நிர்வாகத்தை மட்டுமே கவனிக்க வேண்டும். நீண்டகாலப் பின்விளைவுகள் கொண்ட கொள்கை முடிவுகளை எடுக்கக் கூடாது என்பது நமது நாடாளுமன்ற மரபு. அது மரபு மட்டுமே. எழுதப்பட்ட சட்டம் அல்ல. கச்சிபௌலி விவகாரத்தில் பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டது இந்த அம்சம்தான்.

ரத்தும் வழக்கும்

தேர்தலில் தெலுங்கு தேசம் 47 இடங்களுக்குச் சுருங்கியது. முதல்வரான ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியின் காங்கிரஸ் அரசு, 2006 நவம்பரில் ஒதுக்கீட்டை ரத்து செய்தது. திட்டப் பணிகள் தொடங்கப்படவில்லை என்பது அரசு சொன்ன காரணம். ரத்து ஆணை நீதிமன்றத்தில் நிற்குமோ என்ற ஐயத்தினாலோ என்னவோ, அரசுச் சொத்துகளைப் பாதுகாக்கவும் மீட்கவும் 2007-ல் தனிச் சட்டமே கொண்டு வரப்பட்டது. நிலத்தைக் கொடுக்கும்போது தேவைப்படாத பேரவை, திரும்பப் பெறும்போது தேவைப்பட்டது.

நிறுவனம் உயர் நீதிமன்றத்தை நாடியது. 2006-ல் தொடுக்கப்பட்ட வழக்கு 18 ஆண்டுகள் நீடித்தது. அதற்குள் மாநிலம் இரண்டாகி, வழக்கும் தெலங்கானாவின் பங்குக்கு வந்தது. 2024 மார்ச் 7-ம் தேதி, தலைமை நீதிபதி அலோக் ஆராதே தலைமையிலான தெலங்கானா உயர் நீதிமன்ற அமர்வு அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தள்ளுபடி செய்தது.

அன்றைய தெலுங்கு தேச அரசின் நோக்கத்தையே ஐயுறுவது சரியாகாது. ஹைதராபாதை விளையாட்டுத் தலைநகராக்க வேண்டும் என்று அது விரும்பியது உண்மை. அதே 2003-ல், அதே கச்சிபௌலியில், பாட்மின்டன் வீரர் புல்லேலா கோபிசந்துக்குப் பயிற்சி மையம் அமைக்க 5 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்ததும் அதே அரசுதான். 2008-ல் திறக்கப்பட்ட அந்த மையத்தில் உருவான சாய்னா நேவால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும், பி.வி. சிந்து 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றனர். டோக்கியோ போட்டிக்கு முன்பு சிந்து பயிற்சி பெற்றது, அரசு கட்டிய கச்சிபௌலி உள்ளரங்கில். அங்கும் ஒரு வெண்கலம் கிடைத்தது.

விளையாட்டு வளாகத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடம்கூட 2020-ல் கரோனா மருத்துவமனையாக மாற்றப்பட்டுப் பயன்பட்டது. 5 ஏக்கரும் அரசின் சொந்தக் கட்டடங்களும் பதக்கமாகவும் படுக்கையாகவும் பலன் தந்தன. 400 ஏக்கர் தந்தது வழக்குகளை மட்டுமே. கொடுக்கப்பட்ட பரப்பளவுக்கும் விளையாட்டுக்குக் கிடைத்த பலனுக்கும் தொடர்பே இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மீட்ட நிலம் எங்கே போயிற்று?

வழக்கில் வென்றபின் அந்த நிலத்தை அரசு என்ன செய்தது என்பது இந்த விவகாரத்தின் இரண்டாவது பாடம். 2024-ல் ரேவந்த் ரெட்டி தலைமையிலான தெலங்கானா காங்கிரஸ் அரசு, 400 ஏக்கரையும் மாநிலத் தொழில் உள்கட்டமைப்புக் கழகத்துக்கு மாற்றியது. தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் பிற கட்டடங்களும் ஒரே இடத்தில் அமையும் கலப்புப் பயன்பாட்டு வளாகம் அங்கு வரும், ரூ. 50 ஆயிரம் கோடி முதலீடும் 5 லட்சம் வேலைவாய்ப்பும் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த நிலத்தை முன்வைத்துக் கடன் பத்திரங்கள் மூலம் சுமார் ரூ. 10 ஆயிரம் கோடியும் திரட்டப்பட்டது.

இந்த இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2 கோடி ரூபாய்க்கு எழுதிக் கொடுக்கப்பட்ட நிலம், இருபது ஆண்டுகள் கழித்து 10 ஆயிரம் கோடிக்கு ஈடாக நின்றது. இடையில் ஹைதராபாதின் மேற்குப் பகுதி அடைந்த வளர்ச்சி பெரிது என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், வழக்கு வேறு விதமாக முடிந்திருந்தால் இந்த மதிப்பு முழுவதும் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்திருக்கும்.

அரசு மீட்ட பிறகும் நிலம் மக்களின் பார்வைக்கு வரவில்லை. 2025 மார்ச் இறுதியில், உகாதி, ரமலான் விடுமுறை நாள்களில், மண்வாரி இயந்திரங்கள் உள்ளே நுழைந்தன. புள்ளிமான்களும் மயில்களும் உலவிய பகுதியில் மரங்கள் சாய்ந்தன. எதிர்த்த பல்கலைக்கழக மாணவர்களைப் போலீஸார் கைது செய்தனர். வருவாய்த் துறை ஆவணங்களில் இது அரசுப் புறம்போக்கு, காடு அல்ல என்பது அரசின் வாதம். எல்லையே முறையாக அளக்கப்படவில்லை என்றது பல்கலைக்கழக நிர்வாகம்.

ஏப்ரல் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் பி.ஆர். கவாய், அகஸ்டின் ஜார்ஜ் மாசி ஆகியோர் அடங்கிய அமர்வு, மரம் வெட்டுவதை உடனே நிறுத்த உத்தரவிட்டது. சுமார் 100 ஏக்கரில் மரங்கள் அழிக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி, அதை மீட்டெடுக்கும் திட்டத்தைக் கேட்டது. தவறினால் அதிகாரிகள் சிறை செல்ல நேரிடும் என்றும் எச்சரித்தது.

தில்லியும் லண்டனும்

ஆந்திரத்தை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தில்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக யமுனைக் கரையில் விளையாட்டு வீரர் கிராமம் அமைக்கப்பட்டது. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் நிலம். கட்டியது எமார் - எம்ஜிஎஃப் நிறுவனம். போட்டி முடிந்ததும் வீடுகளை விற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 2009-ல் பணத் தட்டுப்பாடு என்று நிறுவனம் கை விரித்தபோது, 333 வீடுகளை ரூ. 700 கோடிக்கு மேல் கொடுத்து ஆணையமே வாங்கிக்கொண்டது. 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இந்த உதவியைக் குறை கூறியது. அறிக்கை வந்தபோது போட்டி முடிந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன.

லண்டனில் 2012 ஒலிம்பிக் அரங்கத்தைக் கால்பந்து மைதானமாக மாற்ற ஆன செலவு 32 கோடி பவுண்டுக்கும் மேல். 99 ஆண்டுக் குத்தகை பெற்ற வெஸ்ட் ஹாம் கால்பந்துக் கழகம் கொடுத்த பங்கு ஒன்றரைக் கோடி பவுண்டு மட்டுமே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஒப்பந்தத்தை முழுமையாக வெளியிடும்படி தகவல் உரிமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, 2016-ல் அது வெளியானது. மக்கள் கணக்குப் பார்க்க முடிந்தது.

இங்கே இன்னமும் கொடுத்த பிறகுதான் கணக்கு. 2024 ஜூனில் மீண்டும் ஆந்திர முதல்வரான சந்திரபாபு நாயுடுவின் அமராவதித் திட்டத்தில் விளையாட்டு நகரமும் ஒன்று. விசாகப்பட்டினத்தில் டிசிஎஸ் நிறுவனத்துக்கு 21 ஏக்கரை 99 காசுக்கு அளிக்க 2025 ஏப்ரலில் அவரது அமைச்சரவை முடிவெடுத்தது. வேலைவாய்ப்பு வரும் என்பது அரசின் வாதம், வரலாம். தமிழகத்திலும் சென்னை செம்மஞ்சேரியில் விளையாட்டு நகரம், கோவை ஒண்டிப்புதூரில் கிரிக்கெட் அரங்கம் என அறிவிப்புகள் வந்துள்ளன. இவற்றையும் அதே கேள்வியோடு அணுக வேண்டிய கடமை தமிழகப் பேரவை உறுப்பினர்களுக்கு உண்டு.

கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, சலுகை விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை மானியமாகக் கணக்கிட்டு, நிதிநிலை அறிக்கையோடு பேரவையில் வைக்க வேண்டும். இரண்டாவது, குறித்த காலத்துக்குள் பணி தொடங்காவிட்டால் நிலம் தானாகவே அரசுக்குத் திரும்பும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கிரையத்தைவிடக் குத்தகை நல்லது என்பதை 5 ஏக்கர் காட்டிவிட்டது. மூன்றாவது, பேரவை கலைந்திருக்கும் காலத்தில் அரசு நிலத்தை விற்பதற்குச் சட்டத்திலேயே தடை வேண்டும். மரபை நம்பியிருந்ததன் விலை 18 ஆண்டு வழக்கு.

இவற்றுக்கு அரசமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை. மாநிலங்கள் தத்தம் பேரவைகளில் சட்டம் இயற்றினால் போதும். ஆளும் கட்சியாக இருக்கும்போது நிலத்தைக் கொடுப்பதும், எதிர்க்கட்சியாகும்போது அதையே ஊழல் என்பதும் எல்லாக் கட்சிகளுக்கும் பழகிப்போனது. அந்தப் பழக்கம் தொடரும்வரை, அடுத்த விளையாட்டரங்கின் பக்கத்திலும் மக்கள் பணம் மண்ணாகத்தான் கைமாறும்.