ஹேரி செல் லுகேமியா: மெல்ல வளரும் இரத்தப் புற்றுநோய்

இரத்தப் புற்றுநோய் என்றாலே வெள்ளணுக்கள் பெருகிவிடும், உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஹேரி செல் லுகேமியாவில் இவ்விரண்டும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. லுகேமியா நோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கே வரும் இந்நோய், நடுத்தர வயது ஆண்களிடம் மிகுதி. நுண்ணோக்கியில் நோயணுக்களின் விளிம்பு மயிரிழை படர்ந்ததுபோல் தோன்றுவதே பெயர்க்காரணம். தலைமுடிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இவ்வணுக்கள் எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் தங்குகின்றன. அதனால் இடப்புற விலாவின் கீழே கனம், சிறிது உண்டதுமே வயிறு நிறைதல், சோர்வு, அடிக்கடி தொற்று ஆகியவை தோன்றும். இரத்த அணுக்கள் மூவகையும் குறைந்திருக்கும்.

அணுக்களின் அளவு போதுமானதாக உள்ளவரை மருந்தின்றிக் கண்காணிப்போம். இது கைவிடுதல் அன்று. அளவு குறைந்தாலோ தொற்று தொடர்ந்தாலோ கிளாட்ரிபின் மருந்தை 5 அல்லது 7 நாள் செலுத்துகிறோம். பெரும்பாலோர்க்கு ஒரே சுற்று போதும். பத்தில் எட்டுப் பேருக்கேனும் நோய் முற்றிலும் தணிகிறது. முன்னதாக, காசநோய் போன்ற மறைந்த தொற்று உள்ளதா எனப் பார்த்துவிடுவோம்.

மருந்துக்குப் பிந்தைய வாரங்களே கடினமானவை. வெள்ளணு மேலும் குறையும். பலருக்குக் காய்ச்சல் வரும். தொற்றின்றியும் அது வரலாம். ஆனால் வீட்டிலிருந்து அதனைப் பிரித்தறிய இயலாது. பாராசிட்டமால் கொடுத்துக் காத்திராமல், இரவாயினும் உடனே அழைத்து வாருங்கள்.

சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நோய் மீளும். தணிவு நீண்டிருந்தால் அதே மருந்து மீண்டும் பயன் தரும். 2011இல் இந்நோயில் பிராஃப் மரபணு மாற்றம் கண்டறியப்பட்டபின், அதனைத் தடுக்கும் மாத்திரைகளும் நம் கைவசம் உள்ளன.