பௌர்ணமி கழியட்டும்

சுவாமிமலைப் படியேறுகிறவருக்குக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவருக்குப் பூசம் தெரியாமல் இருக்காது. ஆனால் இரண்டையும் வானத்தில் காட்டுங்கள் என்றால் நம் டெல்டாவில் எத்தனை பேர் கைநீட்டுவார்கள்? பழியை முழுக்க நம் மேல் போடவும் முடியாது. கார்த்திகை தீபமும் தைப்பூசமும் பௌர்ணமியை ஒட்டி வருபவை. முழு நிலா அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிற நாள் பார்த்துத்தான் விழா. அந்த வெளிச்சத்தில் கார்த்திகை மங்கிவிடும். பூசம் இருந்த இடமே தெரியாது.

போதாக்குறைக்கு மழை. கார்த்திகை இரவெல்லாம் வானில் இருப்பது கார்த்திகை மாதத்தில்தான். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தஞ்சை, திருவாரூர், நாகை வானத்தை மூடிவைத்திருக்கும். ஆகவே நமக்கான காலம் தையும் மாசியும். சம்பா அறுவடை நடக்கும், மேகம் விலகியிருக்கும். தை பிறந்த முதல் வாரத்தில் இரவு எட்டரை மணிவாக்கில் கார்த்திகை ஏறக்குறைய உச்சியில், சற்றே வடக்கே தள்ளி நிற்கும். தேய்பிறை பஞ்சமி தாண்டினால் நிலா எழவே பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். முன்னிரவு முழுக்க நம்முடையது.

கார்த்திகை, பூசம் இரண்டுமே விண்மீன் கொத்துகள். ஒரே வாயு மேகத்தில் ஒன்றாகப் பிறந்து இன்னும் பிரியாமல் இருக்கும் குடும்பங்கள். கார்த்திகை சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வயது 10 கோடி ஆண்டுகள் அளவில், விண்மீன் கணக்கில் இளசு. அதனால்தான் அதன் பெரிய விண்மீன்கள் நீலம் கலந்த வெண்மையாக எரிகின்றன. கண்ணுக்கு ஆறோ ஏழோ தெரிந்தாலும் அங்கே ஆயிரத்துக்கு மேல் உண்டு. கலிலியோ தன் தொலைநோக்கியில் பார்த்து 36 விண்மீன்களை வரைந்து, 1610-ல் நூலாக வெளியிட்டார். கடக ராசியில் பூச விண்மீன்களின் நடுவே வெறுங்கண்ணுக்குப் புகைத்திட்டாகத் தெரிவதும் அவருடைய தொலைநோக்கியில் தனித்தனிப் புள்ளிகளாக உதிர்ந்தது.

பாரிஸில் சார்லஸ் மெசியே 1769 மார்ச் 4 அன்று இவ்விரண்டின் இடத்தையும் அளந்து தன் பட்டியலில் சேர்த்தார். பூசத்துக்கு எண் 44, கார்த்திகைக்கு 45. அதே ஆண்டு ஜூனில் இன்னொரு பிரெஞ்சுக்காரர், லெ ஜென்டில், புதுச்சேரியில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் காத்திருந்தார். 1761-ல் தவறவிட்டவர் அவர். இரண்டாம் முறை மேகம் கெடுத்தது. நம் கடற்கரை மேகத்தை நம்பக் கூடாது என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது! ஆனால் புதுச்சேரியில் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு தமிழர் சோழிகளை வைத்துக் கிரகணக் கணக்குப் போடுவதைக் கற்றுக்கொண்டு போனார்.

எதைக்கொண்டு பார்ப்பது? பெரிய தொலைநோக்கி வாங்கியவர்கள்தான் இங்கே ஏமாறுகிறார்கள். கார்த்திகை வானத்தில் பிடிக்கும் அகலம் நான்கு முழு நிலா அளவு. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் 50 மடங்கு பெருக்கினால் அதில் பாதிதான் கண்ணில் விழும். கொத்து போய் நாலைந்து விண்மீன் மட்டும் மிஞ்சும். பெருக்கம் கூடக்கூட அழகு குறையும் பொருள் இது. என்னைக் கேட்டால் முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் வாங்குங்கள் என்பேன். தொலைநோக்கிதான் இருக்கிறது என்றால், மிகக் குறைந்த பெருக்கம் தரும் கண்வில்லையைப் போடுங்கள். 70 மி.மீ. சிறு கருவியே 28 மடங்கில் கார்த்திகையைக் கிட்டத்தட்ட முழுசாகக் காட்டிவிடும்.

பெரிய கருவிக்கும் வேலை இருக்கிறது. பூசத்திலிருந்து சுமார் எட்டுப் பாகை தள்ளி மெசியே 67 என்றொரு கொத்து உண்டு. ஏறக்குறைய 2,800 ஒளியாண்டு தூரம்; வயது 400 கோடி ஆண்டு அளவில், கிட்டத்தட்ட நம் சூரியனின் வயது. பைனாகுலரில் மங்கல் திட்டு; எட்டு அங்குலத்தில் பொடிப்பொடியான விண்மீன்கள். இதையும் பூசத்தையும் மாசிக் கடைசியில் இரவு ஒன்பதரைக்குத் தலைக்கு மேல் பார்க்கலாம்.

பங்குனி முடிவில் தெற்கே திரும்புங்கள். தெற்குக் கார்த்திகை என்று அழைக்கப்படும் கொத்து இரவு ஒன்பதரையை ஒட்டித் தொடுவானத்துக்கு மேல் 15 பாகை உயரத்தில் நிற்கும். டெல்லிக்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை. வெகு தெற்கே, நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாக இருப்பதால் தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கிடைத்த சலுகை இது. தென்னந்தோப்புதான் இடைஞ்சல், தெற்கே வயல்வெளி திறந்திருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தைப் பனி கண்ணாடியில் படிந்து அரைமணியில் பார்வையை மறைத்துவிடும். கருப்புச் சார்ட் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி முகப்பில் மாட்டினால் கொஞ்ச நேரம் தாங்கும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். பூசத்தை வெறுங்கண்ணில் காண இருட்டு வேண்டும் என்பதற்காக அறுத்த வயலில் இறங்காதீர்கள். எலி தேடி விரியன் வருகிற நேரம் அது. தெருவிளக்கு எட்டாத மொட்டைமாடி போதும்.