பறக்கும் பறவையும் பார்த்திருக்கும் கருவியும்

வளைகுடா நாட்டில் பணிபுரியும் நம் தங்கை மகன், சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, கறுப்புப் பை ஒன்றை நம் மேசைமேல் வைத்து, "மாமா, இது உங்களுக்குத்தான்" என்றான். திறந்து பார்த்தோம். புத்தம் புதிய காமிரா. அதனோடு முழங்கை நீளத்தில் ஒரு டெலி லென்சு. குருமடத்தில் பயின்ற நாட்களில், 36 படங்களோடு தீர்ந்துபோகும் பிலிம் சுருளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்திற்கும் பத்து முறை யோசித்தவர்கள் நாம். இக்கருவியோ ஒரு நொடியில் 20 படங்கள் எடுக்குமாம்! பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தெளிவாக்கிக் கொள்ளுமாம்! "இனி நமக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்டோம். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

வேலை இருந்தது என்பதை மறுநாளே உணர்ந்தோம். காலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்து மாடியில் ஏறி நின்று, மணிக்கூண்டைச் சுற்றி வட்டமிடும் பருந்தைப் படமெடுக்க முனைந்தோம். ஒரு மணி நேரத்தில் 412 படங்கள். அவற்றுள் பருந்து இருந்தவை முப்பதுக்கும் குறைவு. வெறும் வானம் இருந்தவை பல. வால் மட்டும் இருந்தவை சில. மணிக்கூண்டுச் சிலுவை மிக அழகாகப் பதிவாகி, அதற்கப்பால் ஒரு கறுப்புக் கறை இருந்தவை சில. கீழே நின்ற கோயிற்பிள்ளை, "சாமி, பருந்து போயிடுச்சு" என்று குரல் கொடுத்த பிறகும் நாம் வானத்தையே துழாவிக்கொண்டிருந்தோம்.

இரண்டு மாதப் பயிற்சியில் கற்றவற்றைச் சொல்கிறோம். வீட்டில் இத்தகைய கருவி வைத்திருக்கும் இளைஞர்களுக்குப் பயன்படலாம். கொக்கு, நாரை போன்ற பெரிய பறவைகளின் சிறகடிப்பு நிதானமானது. நொடியில் 1,600-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்து மூடினால் சிறகு நுனியும் தெளிவாக விழும். மீன்கொத்திக்கும் பஞ்சுருட்டானுக்கும் அது போதாது. 3,200-இல் ஒரு பங்காவது வேண்டும். ஒளியின் அளவைக் கருவியிடமே விட்டுவிட்டால் அது ஏமாந்துபோகும். வெளிர்வானத்தின் முன்னே பறக்கும் பறவையைக் கரிக்கட்டையாக்கும். அதே பறவை கருவேல மரங்களின் முன்னே வந்தவுடன் அதன் வெண்மையைச் சுண்ணாம்புத் தீற்றலாக்கும். உண்மையில் பறவைமேல் விழும் வெயில் மாறவில்லை, பின்னணிதான் மாறியது. ஆகவே, ஒளியளவை நாமே ஒருமுறை நிறுத்திவிட்டுப் பின்னணியைப் பொருட்படுத்தாதிருப்பதே நலம்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் காற்றைப் பற்றியது. பறவை எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே செல்லும். எனவே காற்று நம் முதுகில் பட நிற்க வேண்டும். அப்போது பறவை நம் முகம் நோக்கி எழும். கதிரவனும் முதுகுப்புறம் இருந்துவிட்டால் வேறென்ன வேண்டும்? வாடை வீசும் மாதங்களில், காலை வேளையில், குளத்தின் கிழக்குக் கரையில் நிற்பவனுக்கு இரண்டும் ஒருங்கே வாய்க்கும். இதை எந்தக் கையேட்டிலும் நாம் படிக்கவில்லை. பறவைகளின் பின்புறத்தையே இருநூறு படங்கள் எடுத்த பிறகு தெரிந்துகொண்டோம்.

பறக்கும் பறவையைப் படம்பிடிக்கும் ஆசை புதியதன்று. பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே, 1882-இல் துப்பாக்கி வடிவிலேயே ஒரு படக்கருவி அமைத்தார். அதைத் தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால், உள்ளே சுழலும் தட்டில் ஒரு நொடிக்குப் 12 படங்கள் பதியும். சிறகு எப்படி மேலெழுந்து கீழிறங்குகிறது என்பதை மனிதக் கண்ணால் பிரித்தறிய முடியாதிருந்த காலத்தில், குண்டில்லாத அந்தத் துப்பாக்கி அதைப் பிரித்துக் காட்டிற்று. நம் நாட்டிலோ, நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த காமிராவோடு காடு காடாக அலைந்து, கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தார். அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு நம் 412 படங்களையும் பார்த்தபோது, குறை கருவியில் இல்லை என்பது உறுதியாயிற்று.

சென்ற பிப்ரவரியில் ஒருநாள், பீடச் சிறுவன் ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கூந்தன்குளம் சென்றோம். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவில், நாங்குநேரி வட்டத்தில் உள்ளது இவ்வூர். மணிமுத்தாற்று அணையின் நீர் கால்வாய் வழியே வந்து இக்குளத்தை நிரப்புகிறது. 1994-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2022-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அரசு அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பே, பறவைகளைக் காத்துவந்தவர்கள் ஊர் மக்கள். தெருவோர மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. எச்சம் விழுகிறது, மீன் நாற்றம் வீசுகிறது, இரவெல்லாம் அலகு தட்டும் ஓசை. எவரும் முகஞ்சுளிப்பதில்லை. இவ்வூரார் பட்டாசு வெடிப்பதையும் தவிர்க்கின்றனர்.

குளத்தில் வரித்தலை வாத்துகள் நூற்றுக்கணக்கில் மிதந்தன. மங்கோலியா, திபெத்து முதலிய உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தைத் தாண்டி இங்கே குளிர்காலம் கழிக்க வருபவை இவை. அப்பயணத்தில் 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இவ்வினம் பறந்ததை ஆய்வாளர்கள் கருவி பொருத்திப் பதிவு செய்துள்ளனர். கரையில் நின்று பார்க்கையில் வீட்டு வாத்தைப் போலத்தான் ஆடி ஆடி நடக்கிறது! சிறுவனுக்கு நாரையையும் கொக்கையும் பறக்கும்போதே வேறுபடுத்தக் கற்றுக்கொடுத்தோம். கழுத்தை நேரே நீட்டிப் பறப்பது நாரை. கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறப்பது கொக்கு. சற்று நேரத்தில் அவன் நமக்கு முன்பாகவே சொல்லத் தொடங்கிவிட்டான்.

இனிச் சொல்லப்போவது நமக்குப் பெருமை தருவதன்று.

ஊருக்குள் ஒரு மரத்தில் இருபதுக்கு மேற்பட்ட மஞ்சள் மூக்கு நாரைக் கூடுகள் இருந்தன. நண்பகல் நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்ப்பறவைகள் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி அசையாமல் நின்றன. நாம் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கழுத்து வலித்தது, வெயில் சுட்டது, ஒரு பறவையும் எழவில்லை. "எல்லாம் ஒன்றாக எழுந்து பறந்தால் எப்படி இருக்கும்!" என்று வாய்விட்டுச் சொன்னோம். அவனைப் பார்த்தே சொன்னோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவன் மரத்தடிக்கு ஓடிக் கைகளை ஓங்கித் தட்டினான்.

மரமே எழுந்ததுபோல் இருந்தது. வெண்சிறகுகள், கறுப்பு விளிம்புகள், வால்பக்கத்து இளஞ்சிவப்பு, மஞ்சள் அலகுகள். நம் விரல் விசையை விட்டு எழவேயில்லை. சில நொடிகளில் தொண்ணூறு படங்கள். அதன்பின் நிமிர்ந்து பார்த்தபோது, காலியான கூடுகளில் பஞ்சுக் குஞ்சுகள் வெயிலில் வாய் பிளந்து கிடந்தன. எங்கிருந்தோ இரண்டு காகங்கள் வந்து ஒரு கூட்டில் இறங்கின. ஒன்று முட்டையொன்றைக் குத்தித் தூக்கிக்கொண்டு போயிற்று.

எதிர்வீட்டு ஆச்சி வெளியே வந்தார். "ஏலே, எங்க ஊருக்குப் பிரசவத்துக்கு வந்த பிள்ளைகளை இப்படியா விரட்டுவ? உன் அக்கா பிள்ளை பெத்துக் கெடந்தா அந்த வீட்டு வாசல்ல நின்னு கை தட்டுவியா?" என்று சிறுவனைக் கேட்டார். அவன் தலை கவிழ்ந்து நின்றான். "சாமி சொன்னார்" என்று ஒரு சொல் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. ஆச்சி நம்மைப் பார்த்து, "சின்னப்பிள்ளை தெரியாம செஞ்சுட்டான், நீங்க சொல்லி வையுங்க சாமி" என்றார். நாம் தலையசைத்தோம்.

கூட்டையும் முட்டையையும் கலைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குச் சமமான குற்றம் என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். படிக்காமலேயே அறிந்திருக்க வேண்டியது.

படம் மிக நன்றாக வந்திருந்தது. அதுவே நமக்கு வினையாயிற்று. பங்கு இளைஞர்கள் அதைக் கண்டு, வரும் ஆண்டின் நாட்காட்டியில் அச்சிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தனர். ஒரு ஞாயிறன்று கணினித் திரையில் எல்லாரும் வியந்து பார்க்கையில், அந்தச் சிறுவனும் பின்னால் நின்று பார்த்தான். அவன் முகத்தில் வியப்பில்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு இளைஞர் கூட்டத்தில், அவனையும் அருகில் நிறுத்திக்கொண்டு, அப்படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும், கை தட்டியவன் அவனாயினும் தட்டச் செய்தவர் யார் என்பதையும் கூறினோம். நாட்காட்டிக்கு வேறு படம் தேடச் சொன்னோம். அவன் "பரவாயில்லை சாமி" என்று முணுமுணுத்தான். பெரியவர்கள் தவறும்போது சிறுவர்கள் சொல்ல வேண்டி வருகிற சொல் அது.

மார்ச்சில் மீண்டும் சென்றோம். முதலில் ஆச்சியின் வீட்டுக்குப் போய், உள்ளதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவே தெரியும் சாமி. நீங்களாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றார்.

இம்முறை மரத்தடிக்குப் போகாமல், தள்ளியிருந்த ஒரு திண்ணையில், காற்றும் வெயிலும் முதுகில் பட அமர்ந்தோம். கூடு கட்டும் பறவைகள் பச்சைச் சுள்ளி கொண்டுவரும் என்பதை அறிந்திருந்தோம். எவரும் எழுப்ப வேண்டியதில்லை, தாமாகவே போய்வரும். இரண்டு மணி நேரத்தில் கைகள் சோர்ந்து, கருவியைச் சிறுவனிடம் கொடுத்தோம். சிறிது நேரத்தில் அவன் நம் தோளைத் தட்டித் திரையைக் காட்டினான். இலையோடு கூடிய வேலங்கொம்பை அலகில் கவ்வி, கால்களைத் தொங்கவிட்டு, சிறகை முழுவதும் விரித்து இறங்கும் ஒரே ஒரு நாரை. கண்ணில் வெயிலின் புள்ளிகூடத் தெரிந்தது.

ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது மேலக் கொப்புக்காரி. இன்னும் கூடு கட்டி முடிச்ச பாடில்ல" என்று சொல்லி, அவனுக்கு மோர் கொண்டுவர உள்ளே போனார்.