ஒரு மடி, மூன்று கன்றுகள்

கன்று போட்ட பசு எழுந்து திரும்பி, ஈரம் சொட்டக் கிடக்கும் உயிரை நக்க ஆரம்பிக்கிறது. ஐந்து நிமிடம் போதும். அதற்குள் அந்தக் கன்று அதற்குச் சொந்தமாகிவிடுகிறது என்று 1977இல் ஹட்சன், முல்லர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கறவை மாடுகளை வைத்துக் காட்டினார்கள். அதன் பிறகு வேறொரு கன்று பசியோடு வந்து மடியை முட்டினால் பசு மோந்து பார்க்கும், விலகும், மீறினால் உதைக்கும். தாய் செத்த கன்றை வைத்துக்கொண்டு தவித்தவர்களுக்கு இதை ஆய்வு சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஹட்சன் அதே ஆண்டில் இன்னொன்றையும் எழுதினார். ஈன்ற உடனேயே சேர்த்துவிட்டால் ஒரே பசு பல கன்றுகளை ஏற்று வளர்க்கும் என்பது அது. நியூசிலாந்திலும் ஐரோப்பாவின் சில பண்ணைகளிலும் இப்படி மூன்று நான்கு கன்றுகளுக்கு ஒரு வளர்ப்புத் தாய் என்று ஒதுக்குவது உண்டு. தருமபுரியில் இது எடுபடுமா? எல்லா மாட்டுக்கும் எடுபடாது. ஆனால் இதற்குப் பொருத்தமான மாடு ஒன்றிரண்டு ஒவ்வோர் ஊரிலும் நிற்கிறது, பெரும்பாலும் காரிமங்கலம் மாட்டுச் சந்தைக்குப் போகும் நாளை எதிர்பார்த்து.

பென்னாகரம், ஒகேனக்கல் காட்டோரப் பட்டிகளில் வளர்ந்த ஆலம்பாடி மாடு ஏருக்கும் வண்டிக்கும் பெயர் போனது. பாலுக்கு அல்ல. கன்று குடித்தது போக மிஞ்சுவது வீட்டு மோருக்கு ஆகும், அவ்வளவுதான். கன்று முன்னால் நிற்காவிட்டால் அதுவும் இல்லை. மாடு பாலை எக்கிக்கொள்ளும். இன்று அந்த இனத்தைக் காப்பாற்றவே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் காரிமங்கலம் பக்கம் தனி ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. பாலக்கோட்டிலும் அரூரிலும் விடியற்காலையில் பால் சொசைட்டிக்குக் கேனோடு வருகிறவர்களின் கொட்டிலில் நிற்பது ஜெர்சிக் கலப்பு. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஃப்ரீசியன் என்று அரசு வகுத்த வழியில் இரண்டு தலைமுறையாகச் சினை ஊசி போட்டு வந்ததன் விளைவு இது.

கலப்பினத்தில் மாறியது பாலின் அளவு மட்டுமில்லை, பால் இறங்கும் விதமும்தான். பால் மடிக்குள் தொட்டித் தண்ணீர் போல நிற்பதில்லை. ஐரோப்பியக் கறவை மாட்டில்கூட ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே உள்ள அறையில் சேர்ந்திருக்கும். மீதி நான்கு பங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளில் அடைபட்டிருக்கும். நாட்டு மாட்டுக்கு அந்த அறை இன்னும் சிறியது. நுண்பைகளைச் சுற்றியுள்ள தசையிழைகள் இறுகினால்தான் பால் கீழே வரும். இறுக்குவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். கன்று முட்டினாலோ கறப்பவர் மடியைக் கழுவித் தடவினாலோ மூளையிலிருந்து அது ரத்தத்தில் கலக்கிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் சுரப்பு விடுகிறது. ஆனால் அந்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும் என்பதால், நல்ல கறவைக்காரர் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு கதை பேசுவதில்லை.

மாடு மிரண்டால் இதற்கு எதிர்வேலை நடக்கும். 1941இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் இருவரும் கறவைப் பசுவின் முதுகில் பூனையை ஏற்றிவிட்டும், காதருகே காகிதப் பைகளை வெடித்தும் பார்த்தார்கள். பால் நின்றுபோனது. மிரட்சியில் சுரக்கும் அட்ரினலின் சுரப்பைத் தடுத்துவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. விஞ்ஞான வரலாற்றில் இவ்வளவு மலிவான கருவிகளைக் கொண்டு இவ்வளவு உருப்படியான முடிவு கிடைத்தது அபூர்வம்.

கன்று செத்துப்போனால் நாட்டு மாட்டைக் கறக்க என்ன வழி? செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்துத் தைத்து முன்னால் நிறுத்துவார்கள். தோல் கன்றை நக்கிக்கொண்டே மாடு சுரப்பு விடும். உருவம் ஏனோதானோ என்றிருந்தாலும் பரவாயில்லை, வாசனை இருந்தால் சரி. இதைவிடக் கொடிய வழி ஒன்றும் இருந்தது. பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதுவது. வடக்கே அதற்கு ஃபூக்கா என்று பெயர். கிரேக்கர் ஹெரோடோட்டஸ், சித்தியர்கள் எலும்புக் குழாயால் பெண் குதிரைக்கு இப்படி ஊதிப் பால் கறந்ததை இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கொடுமையைக் கேள்விப்பட்டுத்தான் காந்திக்குப் பாலின் மேலேயே அருவருப்பு வந்தது. நோயில் படுத்து இளைத்த பிறகு கஸ்தூர்பாவின் பேச்சைக் கேட்டு ஆட்டுப்பாலுக்கு இறங்கி வந்தார். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி ஃபூக்கா குற்றம். பால் கூட வேண்டுமென்று மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதும் அதே பிரிவில் வரும். கறவை நேரத்தில் ஆக்ஸிடோசின் ஊசியோடு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு.

ஊதினால் ஏன் பால் வருகிறது? கன்று வெளிவரும்போது பிறப்புப் பாதை விரிகிறது, காற்றை ஊதும்போதும் அப்படித்தான். அந்த விரிவை நரம்புகள் மூளைக்குச் சொல்ல, அங்கே ஆக்ஸிடோசின் பெருகுகிறது. அது ரத்தத்தில் போய்ப் பாலை இறக்குவதோடு நிற்கவில்லை. மூளைக்குள்ளேயும் பரவி, பக்கத்தில் கிடக்கும் குட்டியைத் தன் குட்டி என்று ஏற்க வைக்கிறது. 1983இல் கெவர்னும் அவர் குழுவினரும் செம்மறி ஆடுகளில் இதைச் சோதித்தார்கள். பிறப்புப் பாதையைச் செயற்கையாக ஐந்து நிமிடம் தூண்டியதும், ஏற்கெனவே தன் குட்டியோடு ஒட்டிவிட்ட ஆடுகூட அயல் குட்டியை ஏற்றது. பேறு என்பதே தாய்மையின் வாசல். அது திறந்திருக்கும் நேரம் கொஞ்சம்.

வளர்ப்புக் கன்றைச் சேர்க்கும் உத்தி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பசு ஈனும் நேரத்தில் அயல் கன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பனிக்குட நீரை வாளியில் பிடித்து அதன் முதுகிலும் வாலடியிலும் தேய்க்க வேண்டும். பசு சொந்தக் கன்றை முழுதாக நக்கி முடிப்பதற்குள் இரண்டையும் ஒன்றாக அதன் மூக்கருகே விட வேண்டும். கொஞ்சம் உப்பைத் தூவினால் நக்குவது நிற்காது. நாள் கடந்துவிட்டால் வேலை கடினம். சொந்தக் கன்று முன்பக்கமாக நின்று குடிக்கும்போது, அயல் கன்று பின்னங்கால்களுக்கு நடுவே தலையை நுழைத்துத் திருட்டுப்பால் குடிக்கும். மாட்டின் மூக்குக்கு எட்டாத இடம் எது என்று அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பொறுமையான ஜெர்சிக் கலப்பு இதைக் கண்டும் காணாததுபோல விட்டுவிடுவது உண்டு. கன்றே இல்லாமல் கறக்கப் பழகிய மாடு அது. ஆலம்பாடியிடம் இந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது.

இனி காசுக் கணக்கு. இதைச் சொல்லாமல் எந்தப் பால்காரரிடமும் இந்தப் பேச்சை எடுக்க முடியாது. ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாயானது. 2023 டிசம்பரிலிருந்து 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் தினமும் இரண்டரை லிட்டர் பால். 38 ரூபாய்க் கணக்கில் 95 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 5,700 ரூபாய். கிடேரி என்றால் நாளைய கறவை என்று அந்தப் பணத்தைப் போடுவார்கள். காளைக் கன்றுக்கு யார் போடுவார்கள்? ஜெர்சிக் கலப்புக் காளைக்குத் திமில் இல்லை, நுகத்தடி கழுத்தில் நிற்காது; உழவையும் டிராக்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. அடித்துக் கொல்வதில்லை. பால் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். கன்று செத்தால் கழிச்சல் என்கிறார்கள். பாலினம் பிரித்த உறைவிந்து பரவினால் காளைக் கன்றுகள் குறையும். கொட்டிலில் இப்போது நிற்பவற்றுக்கு அது உதவாது.

ஆகவே வளர்ப்புத் தாய்க்குச் சொசைட்டி மாட்டைத் தேடுவதில் அர்த்தம் இல்லை. காம்பு சிறுத்து விரலுக்கு அகப்படாத மாடு, கறக்க உட்கார்ந்தால் உதைத்தே தீரும் மாடு, பழைய அடியில் ஒரு காம்பு அடைத்துப்போன மாடு: இவற்றின் பால் மனிதருக்குத்தான் சிரமம், கன்றின் நாக்குக்கு இல்லை. எட்டு லிட்டர் சுரக்கும் இப்படி ஒரு மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதற்கு முன், அக்கம்பக்கத்துக் கிடேரிக் கன்றுகள் இரண்டைச் சேர்த்து அதன் சொந்தக் கன்றோடு மூன்றாக வளர்க்கலாம். கன்றுகள் பெரிதாகப் பெரிதாக மூன்றுக்குப் பால் போதாது. அதற்குள் அவை தீவனத்துக்கு மாறியிருக்க வேண்டும்.

கறந்து விற்கிற மாட்டிலும் கன்றுக்கு எப்போது பால் விடுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் வரும் பாலில் கொழுப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான். கடைசிப் பீச்சலில் எட்டு, பத்து வரை ஏறும். சொசைட்டியில் விலை கொழுப்புக்கும் இதர சத்துக்கும்தான். கறந்து முடித்துக் கன்றை அவிழ்த்துவிட்டால் கெட்டிப்பால் கன்றுக்குப் போகிறது, மெலிந்த பால் கேனுக்கு. முதலில் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டிவிட்டுக் கறந்தால் தலைகீழ். கன்றுக்கு இரண்டு காம்பு என்று ஒதுக்குகிறவர்கள் இந்தச் சண்டையைக் கௌரவமாகத் தீர்த்துவிடுகிறார்கள்.

கன்றின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஊட்டுவதற்கு ஈடு கிடையாது. கன்று தலையை நிமிர்த்திச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள ஒரு பள்ளம் மடிந்து குழாயாகிறது. பால் முதல் இரைப்பைக்குள் விழாமல் நான்காவது இரைப்பைக்கு நேராகப் போய் உறைகிறது. வாளியில் அவசரமாகக் குடிக்கும் கன்றுக்கு இந்த மடிப்பு சரியாக மூடாமல் போகலாம். பால் தவறான வயிற்றில் புளித்துக் கழியும். ஆனால் சீம்பால் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மாட்டின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புப் புரதத்தைக் கருவுக்குக் கடத்துவதில்லை. பிறந்த கன்றிடம் அது அறவே இல்லை. குடல் அந்தப் பெரிய புரதங்களை முழுசாக உள்ளே விடுவதும் முதல் நாள் மட்டும்தான், அதிலும் முதல் சில மணி நேரம் முக்கியம். வளர்ப்புத் தாயிடம் மூன்று கன்றுகள் சேரும்போது கடைசியாக வந்தது சீம்பால் குடித்ததா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்களுக்குக் கடும்பு கிண்டுவது அதற்கு அப்புறம்.

ஆபத்துகளும் உண்டு. ஒரே மடியில் மூன்று வாய் என்றால் மடிநோய்க் கிருமி காம்புக்குக் காம்பு சுலபமாகத் தாவும். நாள்பட்ட மடிநோய் உள்ள மாட்டை, வீணாகிற பால்தானே என்று வளர்ப்புத் தாயாக்குவது தவறு. பாலும் கெடும், கன்றும் நோயைச் சுமந்து வளரும். நம் வெப்பப் பகுதிக்கே உரிய இன்னொன்று உருளைப்புழு. தாயின் தசையில் உறங்கும் புழுக்குஞ்சு பால் வழியாகக் கன்றுக்குள் போகிறது, அயல் கன்றுக்குள்ளும்தான். அதனால் இரண்டு வாரம் ஆனதும் மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். மாடும் இளைத்துப்போகும். ராகித்தாளையும் சோளத்தட்டையும் மட்டும் போட்டு மூன்று கன்றுக்குப் பால் கேட்டால் அது எலும்பைக் கரைத்துத்தான் கொடுக்கும். பசுந்தீவனம், புண்ணாக்கு, தாது உப்பு இல்லாவிட்டால் இந்த முயற்சியையே தொட வேண்டாம்.

விவசாயிகள் முதலில் எழுப்பும் ஆட்சேபம் வேறு: கன்று ஊட்டினால் மாடு பருவத்துக்கு வராது என்பார்கள். பாதி உண்மை. டெக்சாஸில் 1990களில் கிரிஃபித், வில்லியம்ஸ் ஆகியோர் தாய் தன் கன்றைப் பார்வையாலும் வாசனையாலும் அடையாளம் காண முடியாதபடி செய்து பார்த்தார்கள். அப்படிச் செய்தபோது, கன்று ஊட்டினாலும் சினைப்பையை இயக்கும் ஹார்மோன் அடங்கவில்லை. தடையைப் போடுவது காம்பைச் சப்பும் வாயில்லை, இது என் கன்று என்ற மூளையின் முடிவு. மாட்டோடு உறவு ஒட்டாத அயல் கன்றுகள் பருவத்தைத் தள்ளிப்போடுவதில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பனிக்குட நீரைப் பூசி முழு மனதோடு ஏற்கவைத்த கன்றுகள் தள்ளிப்போடும். அதனால் கன்றுகளைத் தனியே கட்டி, காலையும் மாலையும் கால் மணி நேரம் மட்டும் அவிழ்த்துவிடுவதே நல்லது.

கன்று தினமும் ஒரு கிலோ அடர்தீவனம் தின்னத் தொடங்கியதும் பால் மறக்கடிக்கலாம். முதல் இரைப்பையை வளர்ப்பது பால் அல்ல, அங்கே நொதிக்கும் தீவனம். மூன்று மாதத்தில் இந்த மூன்றும் ஒதுங்கிவிடும். மாடு அப்போதும் பாலில்தான் இருக்கும், ஊரில் எங்காவது இன்னும் இரண்டு கன்றுகள் பிறந்திருக்கும். அவற்றையும் சேர்க்கலாம். ஆனால் இந்த முறை பனிக்குட நீர் கிடையாது. காலுக்கு அணைகயிறு போட்டு, முன்னால் தவிட்டை வைத்து, மாடு சலித்துப்போய் விட்டுக்கொடுக்கும்வரை வேளைதோறும் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.