ஈரிடத்தும் ஆடும் பொறி

வீடியோ விளையாட்டுப் பொறிகள் இரு குலத்தன. டெலிவிஷனோடு பிணைக்கப்பெற்று வீட்டிலேயே கிடப்பது ஒன்று. கையிற்கொண்டு சென்ற இடமெல்லாம் ஆடுதற்குரியது மற்றொன்று. முன்னதற்குச் சுவரினின்று மின்சாரம் வருதலால் ஆற்றல் மிகுதி. பின்னதற்கு பேட்டரியே உயிர். அஃது ஓய்ந்தால் ஆட்டமும் ஓயும். இவ்விரு குலத்தையும் ஒன்றுபடுத்திய கலப்புப் பொறியொன்று உலகில் நிலைபெறுமோ எனின், அவ்வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. ஜப்பான் தேசத்து நின்டெண்டோ கம்பெனியார் 2017 மார்ச் 3ஆம் நாள் வெளியிட்ட ‘ஸ்விட்ச்’ 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. ஆகவே, வெல்லுமோ என்பதினும், எதனால் வென்றது என்பதே நாம் ஆராயத்தக்கது. இதற்குப் பலரும் கூறும் விடை எனக்கு நிறைவு தரவில்லை.

இருந்த இடத்தும் சென்ற இடத்தும் ஆடலாம், அதனால் மக்கள் விரும்பினர் என்பதே அவ்விடை. அது மட்டுமே காரணமாயின், முன்னரே பிறர் வென்றிருத்தல் வேண்டுமன்றோ? 1990இல் வெளிவந்த ‘டர்போ எக்ஸ்பிரஸ்’ என்னும் கைப்பொறி, வீட்டுப் பொறிக்குரிய அட்டைகளையே தன்னுள் ஏற்று ஆட்டியது. 1995இல் சேகா கம்பெனியார் அமெரிக்காவில் விற்ற ‘நோமட்’ இன்னும் ஒருபடி மேற்சென்றது. வீட்டுப் பொறியாகிய ஜெனிசிஸின் விளையாட்டுகளெல்லாம் அதில் ஆடும். வேண்டுங்கால் டெலிவிஷனோடும் இணையும். இரண்டாமவர் ஆடுதற்குத் துளையும் உண்டு. கலப்புப் பொறியின் இலக்கணம் பெரும்பாலும் அமைந்திருந்தும் அது வீழ்ந்தது. ஆறு பேட்டரிகளை உண்டு சில மணி நேரத்தில் அடங்கிவிடும் அதன் பெரும்பசி ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அவ்வாண்டிலேயே அக்கம்பெனியார் ‘சாட்டர்ன்’ என்னும் புதிய வீட்டுப் பொறியையும் அமெரிக்கச் சந்தையில் இறக்கினர். புதிய விளையாட்டுகள் சாட்டர்னை நாடிச் செல்ல, நோமட்டுக்கு எஞ்சியவை பெரும்பாலும் பழையவையே.

இனி நின்டெண்டோவின் நிலையைக் காண்போம். 1889இல் கியோட்டோ நகரில் பூசாஜிரோ யமாவுச்சி என்பவர் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய நிலையம் அது. அதன் வீட்டுப் பொறி 1983இலும், ‘கேம் பாய்’ என்னும் கைப்பொறி 1989இலும் தோன்றின. அதுமுதல் அக்கம்பெனி இரு குடும்பத்தைத் தாங்கும் இல்லத்தான்போல வாழ்ந்தது. ‘மரியோ கார்ட்’ என்னும் பந்தய விளையாட்டையே கொள்க. 2011இல் கைப்பொறிக்கு ஏழாவது செய்தனர். 2014இல் வீட்டுப் பொறிக்கு எட்டாவது செய்தனர். ஒன்று மற்றதில் ஆடாது. படங்கள் நுண்மையுற உற, ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கும் காலமும் செலவும் பெருகின. இரு பொறிகளுக்கும் போதிய விளையாட்டு அளித்தல் அரிதாயிற்று. 2012இல் வந்த வீட்டுப் பொறியாகிய ‘வீ யூ’, புது விளையாட்டின்றிப் பல திங்கள் வறிதே கிடந்தது. அதற்கு முந்தைய ‘வீ’ 10 கோடி விற்றிருக்க, இஃது ஒன்றரைக் கோடியையும் எட்டவில்லை. அதன் கைப்பிடியில் திரையொன்று இருந்தது உண்மையே. ஆயினும் மூளை பெட்டிக்குள் இருந்தமையால், பெட்டியை விட்டுச் சற்று அகன்றாலும் திரை பயனற்றுப்போம். 2014 மார்ச்சு வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தொழிலில் நட்டம். கைப்பேசி வந்தபின் கைப்பொறி எதற்கு என்னும் ஏளனம் வேறு.

அந்நாளில் தலைவராயிருந்த சட்டோரு இவாட்டா, கைப்பொறிக்கும் வீட்டுப் பொறிக்கும் தனித்தனியே இருந்த ஆக்கப் பகுதிகளை 2013இல் ஒன்றாக இணைத்தார். ஸ்விட்சின் வெற்றிக்கு வித்து இங்கேயே விழுந்தது என்பது என் துணிபு. 2015 ஜூலையில் அவர் காலமானார். அதன் விளைவை அவர் கண்ணாரக் காணவில்லை.

ஸ்விட்சில் மூளை கையிலுள்ள 6.2 அங்குலத் திரைக்குள்ளேயே இருக்கிறது. தாங்கியில் நிறுத்தினால், தாங்கி மின்சாரம் தந்து படத்தை டெலிவிஷனுக்குக் கடத்தும். பொறியும் சற்று விரைந்து உழைக்கும். ‘வீ யூ’வை உள்வெளியாகப் புரட்டியதே இது. ஆற்றலில் இஃது அக்காலத்து வீட்டுப் பொறிகளுக்கு இளைத்ததே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நின்டெண்டோவின் கைத்தொழிலாளர் அனைவரும் ஒரே பொறிக்கு விளையாட்டு செய்யலாயினர். முதலாண்டிலேயே செல்டா, மரியோ, ஸ்ப்ளட்டூன் என்று வரிசையாக வந்தன. 1996 முதல் கைப்பொறிக்கே உரித்தாயிருந்த போக்கிமான் முதன்மைத் தொடரும் 2018இல் இங்கு வந்து சேர்ந்தது. ‘வீ யூ’வில் ஒரு கோடியையும் தொடாத அந்த எட்டாவது மரியோ கார்ட், சிறிது திருத்தம் பெற்று ஸ்விட்சில் 6 கோடிக்கு மேல் விற்றது. ஆட்டம் ஏறக்குறைய அதுவே. ஆடுவோர் கூடிய இடம் வேறு.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2019 செப்டெம்பரில் ‘ஸ்விட்ச் லைட்’ என்பதை வெளியிட்டனர். அதனை டெலிவிஷனோடு இணைக்கவே இயலாது! பெயரில் மாற்றம் என்றிருக்க, மாறவே மாறாத பொறி. கலப்பே வெற்றிக்கு முழுக் காரணமாயின் இஃது விலைபோயிருக்கலாகாது. 2 கோடிக்கு மேல் விற்றது. குறைந்த விலைக்கு அதே விளையாட்டுகள் கிடைத்தன. வாங்குவோர்க்கு அது போதுமாயிருந்தது.

2022இல் அமெரிக்க வால்வ் கம்பெனியார் தந்த ‘ஸ்டீம் டெக்’கும் இவ்வழியதே. மக்கள் தம் கம்ப்யூட்டருக்கென முன்னரே வாங்கி வைத்திருந்த விளையாட்டுகளுட் பலவற்றை அது கையில் தந்தது. 2025 ஜூன் 5ஆம் நாள் வந்த ‘ஸ்விட்ச் 2’ அமெரிக்காவில் 450 டாலர் விலையோடு இறங்கியது. முந்தையது இறங்கிய விலை 300. எனினும் பழைய விளையாட்டுகளுட் பெரும்பாலானவை அதிலும் ஆடுமாறு செய்திருந்தனர். முதல் நான்கு நாட்களில் 35 லட்சம் பொறிகள் விற்றன.