இரண்டு கம்ப்யூட்டர், ஒரே தபால் பெட்டி

ஹாலில் ஒரு கம்ப்யூட்டர், படுக்கையறையில் ஒரு லாப்டாப். மகன் அனுப்பிய ஈமெயில் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் காணோம்! "எங்கே போச்சு அது?" என்று இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்க்கிறீர்களா?

காரணம், 'பாப்' என்கிற பழைய முறை. முதலில் கேட்கிற கம்ப்யூட்டரில் கடிதத்தை இறக்கிவிட்டு, பெரும்பாலும் சர்வரில் இருப்பதை அழித்துவிடும்.

இதற்காகச் சிலர், அவுட்லுக்கின் பி.எஸ்.டி. ஃபைலை ஒரு பொது இடத்தில் வைத்து, வீட்டு நெட்வொர்க் வழியாக இரண்டிலும் திறக்கப் பார்க்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! ஒரே நேரத்தில் இருவர் திறக்க அது இடம் கொடுக்காது. நடுவில் இணைப்பு அறுந்தால் ஃபைலே கெட்டுப்போகலாம். பத்து வருஷத்துக் கடிதங்கள், மாமனாரின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது? மைக்ரோசாஃப்டே இப்படி வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது.

1986-ல் மார்க் கிரிஸ்பின் வகுத்த 'ஐமாப்' முறைக்கு மாறிவிடுங்கள். கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரும் அதையே காட்டும். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் போய்விடும், ஜாக்கிரதை!

சரி, பழைய கடிதங்கள்? அவுட்லுக்கை மூடிவிட்டு, ஃபைலை பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு அவுட்லுக்கைத் திறந்து, கடிதங்களை ஐமாப் ஃபோல்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகலெடுத்துப் போடுங்கள். மெயில் பெட்டியில் அத்தனைக்கும் இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.